ஆமான்னேன் சார்

கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்த எங்கள் தரப்புப் பெண் வழக்கறிஞர் சட்டப் பிரிவு எதையும் பேசவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "உங்கள் கட்சிக்காரர் தன் தாய்மொழியில் என்ன வார்த்தை சொன்னார்?"

என்னிடம் பதில் இல்லை. கோப்பில் இருந்ததெல்லாம் நான் எழுதிய ஆங்கிலம்.

கட்சிக்காரர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். கிரேக்க முதலாளி ஒருவரின் சரக்குக் கப்பலில் ஆயிலராக வேலை பார்த்தார். எஞ்சின் ரூமில் ஒரு பம்பைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வைத்தியச் செலவும் நோய்க்காலச் சம்பளமும் கேட்டோம். ஒப்பந்தம் கிரேக்கச் சட்டத்துக்கு உட்பட்டது. அதனால் வழக்கு, கடல்சார் வழக்குகளுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் பிரேயஸ் நீதிமன்றத்துக்குப் போனது.

கப்பல்காரர்களின் எதிர்வாதம் ஒன்றே ஒன்று. இவருக்கு ஏற்கெனவே முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அதை மறைத்து வேலையில் சேர்ந்தார் என்றார்கள். கப்பல் தொழிலாளர்களுக்கான 2006ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை நோயுற்ற மாலுமியின் செலவைக் கப்பல் முதலாளியின் தலையில் வைக்கிறது. ஆனால் வேலையில் சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய்க்கு விலக்குத் தரலாம் என்று அந்தந்த நாட்டுக்கு இடமும் விடுகிறது. மறைத்தாரா, இல்லையா? வழக்கு முழுக்க அந்த ஒரு கேள்வியில் நின்றது. சென்னையில் மருத்துவப் பரிசோதனை செய்த இடத்தில், 'முன்பு அறுவைச் சிகிச்சை உண்டா' என்ற கட்டத்தை நிரப்பாமலே விட்டிருந்தார்கள்.

எதிர்தரப்பு கையில் பிடித்துக்கொண்ட ஆயுதம் எங்கள் ஆவணமேதான். வழக்குப் போடுமுன் அவர்களுக்கு அனுப்பிய கடிதத்தோடு கட்சிக்காரரின் வாக்குமூலத்தைக் கிரேக்க மொழிபெயர்ப்புடன் இணைத்திருந்தோம். என் ஆங்கிலத்தில் இரண்டு வினைச்சொற்கள். பரிசோதித்த டாக்டரிடம் அவர் ஆபரேஷனை 'டிஸ்க்ளோஸ்' செய்தார். கப்பலில் செகண்ட் எஞ்சினியர் கேட்டபோது 'அட்மிட்' செய்தார். கிரேக்கத்தில் முதலாவது 'அப்போகாலிப்ஸா' என்று ஆகியிருந்தது. இரண்டாவது 'ஒமொலோகிஸா'.

அந்த வழக்கறிஞர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். 'அப்போகலிப்தோ' என்பதில் 'கலிப்தோ' என்றால் மூடுவது, 'அப்போ' என்றால் அகற்றுவது. மூடியை எடுத்துவிட்டுக் காட்டுவதுதான் அந்த வினை. ஹோமரின் ஒடிசியில் நாயகனை ஏழு ஆண்டு தன் தீவில் ஒளித்து வைத்திருந்த கலிப்ஸோவின் பெயரும் இந்த மூடுகிற வேரிலிருந்து வந்ததுதான். விவிலியத்தின் கடைசி நூலுக்குக் கிரேக்கத்தில் 'அப்போகாலிப்ஸிஸ்' என்று பெயர். நம் கத்தோலிக்கர்கள் அதைத் திருவெளிப்பாடு என்கிறார்கள், மற்ற சபையார் வெளிப்படுத்தின விசேஷம் என்கிறார்கள். நம் சொல்லில் உள்ளே இருந்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான். யாரோ மூடி வைத்திருந்தார்கள் என்ற குறிப்பு அதில் இல்லை. கிரேக்கச் சொல்லில் அந்த மூடி வேரிலேயே இருக்கிறது. எதிர்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டது: டாக்டரின் அறையில் ரகசியமாகத் திறந்து காட்டினாராம், அப்படியானால் முதலாளியிடம் மூடி வைத்திருந்தார்.

இரண்டாவது சொல் இன்னும் மோசம். 'ஒமொலொகோ' என்றால் ஒப்புக்கொள்வது. நம் 'ஒப்புக்கொள்' போலவே அதற்கும் இரண்டு முகம் உண்டு. இசைவு, குற்ற ஒப்புதல் இரண்டும் அதில் அடங்கும். ஆனால் நீதிமன்ற வாசலுக்குள் வந்துவிட்டால் ஒரு முகம்தான் தெரியும். கிரேக்க உரிமையியல் நடைமுறையில் 'ஒமொலொகியா' என்பதே ஒரு சாட்சிய வகை. நீதிமன்றத்தின் முன் செய்தால் செய்தவருக்கு எதிராக அது முழுச் சான்று. எங்கள் கடிதம் நீதிமன்றத்துக்கு வெளியே எழுதியது. அதனால் அந்த அளவுக்கு எடை கிடையாது. என்றாலும் 'தானே ஒப்புக்கொண்டிருக்கிறார்' என்று எழுத அவர்களுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

மொழிபெயர்த்தவர் கவனமில்லாதவரா? இல்லை. அவர் லிமாசோல்காரர், சைப்ரஸ் நீதிமன்றங்களில் பழகியவர். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாள் ஆனது. சைப்ரஸ் 1960இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற பிறகும், 1980களின் கடைசி வரை அங்கே வழக்காடு மொழியாக ஆங்கிலம்தான் ஓங்கி நின்றது. பிறகு ஆங்கிலச் சட்டச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரேக்கச் சொல் தேட வேண்டி வந்தது. வழக்கின் ஆவணங்களை எதிர்தரப்புக்குக் காட்டும் நடைமுறைக்கு அங்கே 'அப்போகாலிப்ஸி' என்று பெயர் நிலைத்தது. சைப்ரஸ் தலைநகர் நிக்கோசியாவில் தினமும் புழங்குகிற, எந்தக் குற்றச்சாடையும் இல்லாத சொல் அது. கிரீஸிலோ ஆவணத்தைக் காட்டுவதற்கு 'எபீதிக்ஸி' என்பார்கள். எடுத்து வைத்துக் காட்டுதல். ஒரே மொழி, இரண்டு நீதிமன்றங்கள். லிமாசோலில் 'தெரிவித்தேன்' என்று கிளம்பிய சொல் பிரேயஸுக்கு 'மறைத்ததைத் திறந்தேன்' என்று போய்ச் சேர்ந்தது.

ஆனால் அவருக்கு முன்னால் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அது நான். பிரேயஸிலிருந்து அழைப்பு வந்த அன்று மாலையே கட்சிக்காரரைக் கூப்பிட்டிருந்தேன்.

"தம்பி, டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க? நீங்க பேசினபடியே சொல்லுங்க."

"முதுகுல ஆபரேஷன் பண்ணிருக்குன்னு சொன்னேன் சார்."

"கப்பல்ல?"

"செகண்ட் கேட்டாரு. ஆமான்னேன் சார்." கொஞ்சம் நிறுத்தி, "மறைக்கதுக்கு என்ன சார் இருக்கு? மெடிக்கல்ல சட்டையக் கழட்டச் சொல்லுதாங்க. தழும்பு அரை சாண் நீளத்துக்கு இருக்கு" என்றார்.

சொன்னேன், ஆமான்னேன். இதைத்தான் நான் 'டிஸ்க்ளோஸ்', 'அட்மிட்' என்று எழுதியிருந்தேன். கடல் காப்பீட்டுச் சட்டத்தில் காப்பீடு எடுப்பவரின் கடமையைச் சொல்லும் வினை 'டிஸ்க்ளோஸ்'. இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2016 வரை அந்த வார்த்தைதான் இருந்தது; அதை ஒட்டி வந்த நம் 1963ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதேதான். இருபது வருஷமாக அதையே வாசித்தவனுக்கு, ஒரு மாலுமி சொன்னான் என்று எழுதக் கை வரவில்லை. நம் நீதிமன்றங்களிலும் இது நடப்பதுண்டு. சாட்சி தமிழில் பேசுகிறார், வாக்குமூலம் ஆங்கிலத்தில் பதிவாகிறது. 'சொன்னார்' எத்தனை இடத்தில் 'ஒப்புக்கொண்டார்' ஆகியிருக்கும் என்று அன்றிலிருந்து எனக்குக் கவலை.

அந்த வழக்கறிஞருக்கு இரண்டு வரித் தமிழையும் அப்படியே தமிழ் எழுத்தில் அனுப்பினேன். கீழே சொல்லுக்குச் சொல் எளிய ஆங்கிலம். அவர் அதைக் கிரேக்கத்தில் 'ஈப்பா' என்று எழுதினார். சொன்னேன் என்று பொருள். இரண்டாவதற்கு, 'ஆம் என்று பதில் சொன்னேன்'. 'எனிமெரோனோ' போடலாமா என்றும் யோசித்தார். தகவல் தெரிவிப்பதற்குக் கிரேக்கர்கள் அன்றாடம் சொல்வது. அதற்குள் 'இமேரா', அதாவது நாள், இருக்கிறது; ஒருவரை இன்றைய நாள் வரைக்கும் கொண்டுவருவது. அழகான சொல்தான். ஆனால் அது அலுவலகத்தார் பேச்சு, எஞ்சின் ரூம் ஆளுக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டார். அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

சட்ட வாதத்தையும் அவர் வினைச்சொல்லிலிருந்தே எடுத்தார். கிரீஸின் காப்பீட்டு ஒப்பந்தச் சட்டம், 1997இன் 2496ஆம் எண் சட்டம், ஒப்பந்தத்துக்கு முன் தெரிந்ததைச் சொல்லும் கடமைக்கு 'திலோனோ' என்ற சொல்லை வைத்திருக்கிறது. அறிவிப்பது, பதிவு செய்வது என்று பொருள். வருமான வரிக் கணக்குக் கொடுப்பதும் 'தீலோசி', அரசு அலுவலகத்தில் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழித் தாளும் 'தீலோசி'. எல்லாக் கிரேக்கரும் எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதற்காக யாரும் அவர்களை ஒளித்து வைத்திருந்தவர்கள் என்று சொல்வதில்லை. கேட்டதற்குப் பதில் சொன்ன மாலுமி அதையேதான் செய்திருக்கிறார். தாளில் எழுதாமல் விட்டது எழுதுகோல் பிடித்திருந்தவரின் தவறு. தழும்போடு சட்டையைக் கழற்றி நின்றவர் எதையும் மூடவில்லை. இதுதான் அவர் வாதம்.

இதை மொழித் தகராறு என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்றும் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். தமிழ் மூலத்தைத் தாக்கல் செய்து, பழைய மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெற்றோம்.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. வேண்டுமென்றே மறைத்தார் என்பது நிரூபணமாகவில்லை, வைத்தியச் செலவையும் நோய்க்காலச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் அனுப்பிவைத்த தீர்ப்பு நகலில் ஒரு வரியின் கீழ் கோடு போட்டிருந்தார். பரிசோதனையின்போது மாலுமி தன் அறுவைச் சிகிச்சையை மருத்துவரிடம் கூறினார் என்று நீதிமன்றம் கண்டறிந்த இடம் அது. அங்கே இருந்த வினைச்சொல் 'ஈப்பே'. சொன்னார்.