அம்மாவின் மூன்று அறைகள்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

மலைகளின் இளவரசி என்று நம் கொடைக்கானலை எல்லோரும் புகழ்கிறார்கள். இளவரசியைக் காண வருகிறவர்கள் இரவில் எங்கே தங்குகிறார்கள், அவர்கள் தரும் பணம் எத்தனை கைகள் மாறிப் போகிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? 1863-ஆம் ஆண்டில் லெவிஞ்ச் துரை ஏரியை உண்டாக்கினார் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். அந்த ஏரிக்கு வருகிறவர்களை நம்பி அடுப்பு எரியும் வீடுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவற்றில் ஒன்று எங்கள் வீடு. ஆகவே நானே எழுதத் துணிந்தேன், தோழியரே!

என் தந்தை சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். வீட்டின் மாடியில் உள்ள மூன்று அறைகளை என் தாயார் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். அந்த நாளில் பேருந்து நிலையத்தில் புரோக்கர்கள் நின்று, “ரூம் வேணுமா சார்?” என்று பயணிகளை அழைத்து வருவார்களாம். கொண்டுவந்து விட்டதற்கு அவர்களுக்குக் கமிஷன் உண்டு. பின்னர் கைப்பேசி வந்தது. பேருந்து நிலையப் புரோக்கரின் இடத்தில் பதிவு நிறுவனம் வந்து அமர்ந்தது. நிற்கும் இடம் மாறியதே தவிர, நீட்டிய கை மாறவில்லை என்று தாத்தா சிரிப்பார்.

கணக்கைச் சொல்கிறேன். சீசனில் ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை 2000 ரூபாய். அதில் நிறுவனம் நூற்றுக்கு இருபது, அதாவது 400 ரூபாய், பிடித்துக்கொள்ளும். அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 72 ரூபாய். ஆக, அம்மாவின் கைக்கு வருவது 1528. 2024 மே மாதத்தில் மூன்று அறைகளும் சேர்ந்து 52 இரவுகள் நிரம்பின. 472-ஐ 52-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 24,544 ரூபாய்! போர்வை துவைத்ததும், வெந்நீர் போட்டதும், விடியற்காலையில் தேநீர் கொடுத்ததும் அம்மா. (கணக்குப் பாடத்தில் சதவீதம் எதற்கு என்று கேட்கும் தோழிகளுக்கு இதைக் காணிக்கையாக்குகிறேன்.)

பணம் போனதைக் காட்டிலும் அம்மாவை வருத்தியது வேறொன்று. சாலையிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு 42 படிகள் இறங்க வேண்டும். நிறுவனத்தின் பக்கத்தில் படியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஒரு குடும்பம் மூட்டுவலி உள்ள பாட்டியம்மாவோடு இரவு ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தது. பாட்டியம்மாவால் பத்துப் படிக்குமேல் முடியவில்லை. அப்பா நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார். மறுநாள் அவர்கள் கோபத்தோடு புறப்பட்டுப் போய், ‘ஏமாற்றுகிறார்கள்’ என்று எழுதிவிட்டார்கள். அம்மா அந்த ஒரு சொல்லைப் பல நாள் திரும்பத் திரும்பப் படித்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாமா ஒரு யோசனை கொண்டுவந்தார். வெளியூர்க்காரர் ஒருவர் மாடியையும் சமையலறையையும் ஆண்டுக் குத்தகைக்குக் கேட்கிறார்; கொடுத்துவிட்டால் நிம்மதி என்றார். அம்மா இரண்டு நாள் பதில் பேசவில்லை. மூன்றாம் நாள், “சமையலறையையும் கொடுத்துவிட்டு நான் என்ன செய்வேன் அண்ணா?” என்று மட்டும் கேட்டார். அத்துடன் பேச்சு முடிந்தது. ஆனால் கடன் தவணை முடியவில்லையே!

2025 பொங்கல் விடுமுறையில் மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் சித்தப்பா மகன் வந்தார். “நமக்கென்று ஓர் இணையத்தளம் வேண்டும், பெரியம்மா” என்றார். அது பெரிய விடுதிகளுக்கல்லவா என்று அம்மா அஞ்சினார். பெயருக்கும் இடத்துக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 3500 ரூபாய்க்குள்தான் ஆயிற்று. ஏழெட்டு இரவுக் கமிஷனுக்கும் குறைவு! டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேய அறிஞர் 1989-இல் வகுத்த வலைத் திட்டத்தை, அவர் பணிபுரிந்த செர்ன் ஆய்வுக்கூடம் 1993 ஏப்ரல் 30 அன்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதனால்தான் மூன்று அறைக்காரர்களும் முந்நூறு அறைக்காரர்களும் ஒரே தெருவில் கடை விரிக்க முடிகிறது.

எழுதும் வேலை என்னுடையது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். ‘இயற்கை அன்னையின் மடியில்’ என்று நான் தொடங்கியபோது அம்மா, “அது இருக்கட்டும் பாப்பா, முதலில் படி எத்தனை என்று போடு” என்றார். ஆகவே முதல் பக்கத்திலேயே 42 படிகள் என்று எழுதினோம். படிகளின் படமும் உண்டு. வெந்நீர் காலை ஆறு முதல் ஒன்பது வரை மட்டும். ஏரி தெரியாது, பள்ளத்தாக்குத் தெரியும். ஜீப் நிறுத்த ஒரே ஓர் இடம் என்றெல்லாம் எழுதினோம். இப்படி எழுதினால் யார் வருவார்கள் என்று அப்பாவுக்கு ஐயம். வந்தார்கள்! வராமல் போனவர்களும் உண்டு. மார்ச் மாதம் ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்து, படியைப் பார்த்ததாகவும் தம் மாமியாரால் முடியாது என்றும் சொன்னார். அம்மா சாலையோரத்தில் உள்ள வேறொரு வீட்டின் எண்ணைக் கொடுத்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர் அடுத்த மாதமே தம்மிடம் இடமில்லாத ஒரு குடும்பத்தை எங்களிடம் அனுப்பினார்.

அண்ணன் செய்தவற்றில் சிலவற்றை இங்கே சொல்ல வேண்டும். படங்கள் பெரிதாக இருந்தால் பக்கம் திறக்க நேரமாகும். வத்தலக்குண்டு மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் கைப்பேசியில் அது திறக்கவே திறக்காது. மூன்று வினாடிக்குமேல் காத்திருக்க நேர்ந்தால் பாதிப்பேருக்குமேல் போய்விடுகிறார்கள் என்று கூகுள் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறதாம். எனவே படங்களையெல்லாம் சுருக்கினார். தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்புப் போகும். வாட்ஸ்அப்பைத் தொட்டால் அம்மாவுக்குச் செய்தி வரும். எந்த நாளில் எந்த அறை காலி என்று ஒரு நாட்காட்டி உண்டு. அதை ஒவ்வோர் இரவும் திருத்துவது என் கடமை. ஒரே அறையை இருவருக்குக் கொடுத்துவிட்டால் கதை என்னாவது! கூகுள் வரைபடத்தில் எங்கள் வீடு வேறொரு சாலையில், மரங்களுக்கு நடுவே இருந்தது. அதையும் சரியான இடத்துக்கு மாற்றினார்.

நாங்கள் எதிர்பாராத பக்கமொன்று மிகுதியாகப் படிக்கப்படுகிறது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது நாம் அறிந்ததே. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4000 வாகனம், வார இறுதியில் 6000 வாகனம் என்று வரம்பும் கட்டினார்கள். இ-பாஸ் எடுப்பது எப்படி என்று எளிய தமிழில் எழுதி வைத்தோம். அதைப் படிக்க வந்தவர்கள் அறையையும் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்.

நேரடியாக வருகிறவர்களுக்கு வாடகையைக் குறைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை. நிறுவனத்தின் பக்கத்தில் உள்ளதைவிடக் குறைந்த விலையை நம் பக்கத்தில் போடக்கூடாதாம்! இத்தகைய நிபந்தனைகள் முதலான காரணங்களுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் பெரிய பயண, விடுதி நிறுவனங்கள் மீது மொத்தம் 392 கோடி ரூபாய்க்குமேல் அபராதம் விதித்தது என்று அண்ணன் சொன்னபோது வியந்தேன். அம்மா வழக்குக்குப் போகிறவர் அல்லர். விலையைத் தொடவில்லை, நேரடியாக வருகிறவர்களுக்குக் காலை இட்லியும் பொங்கலும் இலவசம் என்று எழுதச் சொன்னார். இரண்டு பேருக்கு 120 ரூபாய் செலவு. 472-இல் அது போக 352 ரூபாய் மிச்சம். பாதித் தொகை முன்பணமாக யு.பி.ஐ. வழியே அன்றைக்கே வந்துவிடும். முன்பு நிறுவனத்தின் பணத்துக்குப் பல நாள் காத்திருக்க வேண்டும்.

2025 மே மாதம் 49 இரவுகள் நிரம்பின. இ-பாஸால் கூட்டம் சற்றுக் குறைவு. அவற்றுள் 21 நேரடிப் பதிவுகள். 21-ஐ 352-ஆல் பெருக்கினால் 7392 ரூபாய். ஜூன் மழைக்குமுன் மாடித் தகரத்தை மாற்றினோம்.

நிறுவனத்தை விட்டுவிடலாம் என்று நான் துள்ளினேன். அம்மா சம்மதிக்கவில்லை. மீதி 28 இரவுகளும் அவர்கள் மூலம் வந்தவைதானே! மேலும், அங்கே எங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, பிறகு பெயரைத் தேடி எங்கள் பக்கத்துக்கு வந்தவர்களும் உண்டு. விளம்பரப் பலகையைப் போல அது வேலை செய்கிறது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2009-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களாம். அம்மா எந்த ஆராய்ச்சியும் படித்ததில்லை. வந்தவர்களிடம், “எங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” என்று கேட்டு, ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

நவம்பர் மழையில் மட்டும் எந்தப் பக்கமும் பயன்படவில்லை. 11 இரவுகள்தாம் நிரம்பின. குறிஞ்சி பூத்த 2018-இல் மழையிலும் கூட்டம் வந்ததாம். அடுத்த பூப்பு 2030-இல்! அதுவரை அப்பாவின் ஜீப்பையும் அறையையும் சேர்த்து, மன்னவனூர், பூம்பாறை என்று இரண்டு நாள் பயணமாகக் கொடுக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார். அதற்கான வரிகளை இந்த அரையாண்டு விடுமுறையில் எழுத வேண்டும். பக்கத்து வீட்டு அத்தையும் தம் இரண்டு அறைகளுக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கிறார். தனிப் பெயரில் போடுவதா, எங்களோடு சேர்த்துப் போடுவதா என்று அம்மாவும் அத்தையும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.