அடுப்பு இல்லாத மாடியில் ஆறு தக்காளி

திருவல்லிக்கேணிக்குப் போகிறவர்கள் பார்த்தசாரதியைச் சேவிப்பார்கள். கையோடு ரத்னா கஃபே சாம்பாரில் மூழ்கிய இட்லியையும் சேவிப்பார்கள். ஏப்ரலில் நான் போனது தக்காளி பார்க்க!

மேன்ஷன் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கட்டில், ஒரு கொடி, கொடியில் அடுத்தவன் பனியன். சுவரில் கொட்டை எழுத்தில், 'அறையில் சமையல் செய்யக் கூடாது'. வேலை தேடி வந்த எத்தனையோ பேருக்குச் சென்னையில் முதல் விலாசம் இதுதான்.

பெல்ஸ் ரோடு பக்கம் ஒரு சந்து. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கினால் மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஏழு பழைய பெயின்ட் வாளிகள். ஒவ்வொன்றிலும் குச்சியைப் பிடித்து நிற்கும் நாட்டுத் தக்காளிச் செடி. சொந்தக்காரர், கம்பெனியில் கணக்கு எழுதும் நெல்லைக்காரர். இருபத்திரண்டு வருஷமாக இதே மேன்ஷன். எல்லோருக்கும் 'அண்ணாச்சி'.

"சமைக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கான்? நறுக்கக் கூடாதுன்னு போடலையே தம்பி!" என்றார். ஆடிட்டர் கெட்டார், போங்கள்!

பொங்கலுக்கு முன்பே விதை போட்டுவிடுகிறார். ராத்திரியிலும் புழுக்கம் குறையாவிட்டால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடுமாம். அக்னி நட்சத்திரத்தில் பூத்தால் அம்போ!

"2023 ஜூலையில் ரேஷன் கடையிலேயே கிலோ 60 ரூபாய்க்கு வித்தாங்களே, அப்ப உங்களுக்கு யோகம்தானே?"

"எங்கே! விலை ஏறுற நேரம் பாத்து நம்ம செடி லீவு போட்டுட்டுது."

கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் கோயம்பேட்டுக்கு வரும் பழம், லாரியில் நசுங்கக் கூடாதே என்று செங்காயாகப் பறிக்கப்படுவது. இது செடியிலேயே பழுத்தது. தொட்டுப் பார்த்த விரலில் இலை வாசனை பஸ் ஏறும்வரை போகவில்லை.

தண்ணீர்? கோடையில் ஆளுக்கு இரண்டு வாளிதான். அண்ணாச்சி ஒன்றரையில் குளிக்கிறார். அரை வாளி செடிக்கு. "2019-ல ஏரியெல்லாம் காஞ்சு கெடந்துதுல்லா, அந்த வருஷம் செடியே வைக்கல. மனுஷன் குடத்தோட லாரிக்கு நிக்கையில செடிக்கு ஊத்தினா பாவம் தம்பி."

அன்று பழுத்தது ஆறு. ஆட்கள், என்னையும் சேர்த்து ஒன்பது. பெரிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய், கொத்தமல்லி, அரை மூடி எலுமிச்சை, பொடித்த வறுகடலை, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். உப்பு கடைசியில்தான். "முதல்லயே போட்டா தண்ணி விட்டு ரசமாயிரும்!" டிபன் பாக்ஸ் மூடிகளில் பங்கு பிரிந்தது. தொட்டுக்கொள்ள இது, சாப்பிட, மெஸ்ஸில் வாங்கிய தயிர்சாதப் பொட்டலம்.

ஒரு பையன் மட்டும் சாப்பிடாமல் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று இன்டர்வியூவும் கைவிட்டு, ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தானாம். அண்ணாச்சி தன் பங்கில் பாதியை அவன் மூடியில் தள்ளினார்.

"இன்னும் நாலு காய் பச்சையா நிக்கி. பழுக்க ஒரு வாரம் ஆகும். இருந்து தின்னுட்டுப் போலே."

பையன் வாயைத் திறக்கவில்லை. கை கழுவின தண்ணீரைக் கீழே கொட்டாமல் கடைசி வாளிச் செடிக்கு ஊற்றினான்.

அடுத்த சனிக்கிழமை நானும் போகிறேன். நாலு காய், ஒன்பது பேர். அண்ணாச்சி எப்படிக் கணக்கை நேர் செய்கிறார் என்று பார்க்க வேண்டாமா?