பூநாரையும் பின்னால் நின்ற அக்காவும்

கமராவைக் கண்டதும் எமது பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை வெட்கம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. 2009 இல் செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்காக வரிசையில் நின்றபோது என்னையும் அம்மாவையும் யாரோ படம் எடுத்தார்கள். எங்களிடம் கேட்கவில்லை. அந்தப் படம் எங்கே போனது என்பதும் இன்றுவரை தெரியாது. பின்னர் சமூகவியல் படித்து இந்தப் பணிக்கு வந்த நானும் அறிக்கைகளுக்காக எத்தனையோ பெண்களைப் படம் எடுத்தேன். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில். ஒருவருக்காவது ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்த ஞாபகம் இல்லை.

அந்தக் கூச்சத்தினால்தான் பறவைகளின் பக்கம் திரும்பினேன் போலும். வேலை நிமித்தம் யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரிக்குச் சங்குப்பிட்டிப் பாலத்தால் போய்வருகிறேன். 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட பாலம் அது. ஐப்பசி பிறந்தால் வடக்கின் குளிருக்குத் தப்பி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து, உள்ளான்களும் வாத்துகளும் அந்தக் கடனீரேரிக்கு வந்துசேரும். பங்குனி, சித்திரை வரை நிற்கும். இவற்றை 'இடம்பெயரும் பறவைகள்' என்று எழுதுவதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். போகவும் திரும்பவும் காலம் தெரிந்த பயணம் எங்கே, எமது இடப்பெயர்வு எங்கே!

சிநேகிதி ஒருத்தியிடம் பழைய கமரா ஒன்றையும் தூரத்தில் உள்ளதை எடுக்கும் லென்ஸ் ஒன்றையும் அரைவிலைக்கு வாங்கினேன். முதல் மாதம் எடுத்தவை எல்லாம் பறந்து போகும் பறவைகளின் வால்தான். நான் நேரே நடந்து போனதுதான் பிழை. நெடுந்தூரம் பறந்து களைத்து வந்து இரை தேடும் பறவையைக் கிளப்பிவிட்டால், அது சேர்த்த பலம் வீணாகிவிடும். காலை ஆறரைக்கே போய், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கத்தக்கதாகக் கரையில் குந்தி, அசையாமல் இருக்கவேண்டும். அரைமணி நேரத்தில் அவை எம்மை ஒரு கல்லாக எண்ணிக் கிட்ட வரும்.

வெள்ளைக்கொக்கு என்னை நெடுநாள் ஏமாற்றியது. இருண்ட தண்ணீரைக் கண்டு கமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கின் சிறகு சுண்ணாம்பு அப்பியதுபோல் ஆகிவிடும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுத்தால் இறகு இறகாகத் தெரிகிறது. இருட்டாய் விழுந்த இடத்தைப் பிறகு கணனியில் கொஞ்சம் தெளிவாக்கலாம். சுண்ணாம்பாய்ப் போனதை மீட்கவே முடியாது.

ஒருநாள் இடுப்பில் பறி கட்டிக்கொண்டு இறால் தடவிய ஓர் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, உங்கை இருந்து பிரயோசனமில்லை. அங்காலை தண்ணி முழங்காலுக்குக் கீழை. நாரையள் அங்கைதான் மேயும்." அவர் சொன்ன இடத்துக்கே போனேன். பூநாரைகள் ஏழு, தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றை அரித்துக்கொண்டு நின்றன. அன்று எடுத்த ஒரு படத்தில், முன்னால் நின்ற பறவையின் கண் ஊசிமுனைபோல் விழுந்திருந்தது. பின்னால், சற்று மங்கலாக, குனிந்தபடி அந்த அக்கா.

பிரதி எடுக்க ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி கெட்டிக்காரன். சாய்ந்திருந்த தண்ணீர்க்கோட்டை நிமிர்த்தினான். ஓரத்தில் வீணாய்க் கிடந்த வானத்தை வெட்டினான். படம் உயிர்பெற்றது. பிறகு, "அக்கா, ரோஸ் நிறத்தைக் கூட்டிவிடவா?" என்றான். வேண்டாம் என்றேன். பூநாரைக்கு அந்த நிறம் அது தின்னும் பாசியிலும் சிறு இறால் இனங்களிலும் இருந்து ஊறுவது. இளம் பறவை சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். முன்னால் நின்றது அப்படியொரு குஞ்சுப் பருவம் கழிந்த பறவை.

"அப்ப பின்னாலை நிக்கிற மனுசியை அழிச்சுவிடுறன். படம் சுத்தமாயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே எலியை நகர்த்தினான். அரை நிமிடத்தில் அக்கா இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். உண்மையைச் சொன்னால், படம் இன்னும் அழகாகத்தான் இருந்தது. நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். பிறகு, "திருப்பிப் போடு தம்பி" என்றேன்.

அடுத்த கிழமை ஒரு பிரதியை அவரிடம் கொடுத்து, கேளாமல் எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"நாரை வடிவாய் இருக்கு. என்னைத்தான் புகையாய் எடுத்திருக்கிறியள்."

இடம்பெயர்ந்து போகையில் கலியாண அல்பம் உட்பட எல்லாமே போய்விட்டதாகவும், வீட்டில் அடையாள அட்டையில் உள்ளதைத் தவிரத் தன்னுடைய படம் எதுவும் இல்லை என்றும் சொன்னார். பிரதியைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பறிக்குமேல் வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாங்கோ பிள்ளை. மகளும் நிப்பாள். இரண்டு பேரையும் சேர்த்து எடுங்கோ. கிட்ட நிண்டு எடுங்கோ."