மீட்டரை அளக்கும் மீட்டர்: நெய்வேலியிலிருந்து பின்னோக்கி ஒரு தேடல்

வடலூரை அடுத்த நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து எடுக்கப்படும் மின்சாரம் தமிழ்நாட்டோடு நின்றுவிடாமல் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரி ஆகியவற்றுக்கும் பங்கிட்டு அனுப்பப்படுவதால், மின்நிலையத்தின் எல்லையில் பொருத்தப்பட்டுள்ள ஆற்றல் மீட்டர் காட்டும் எண், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே கணக்குத் தீர்க்கும் ஆவணமாகிறது. 210 மெகாவாட் திறனுள்ள ஓர் அலகு ஒரு நாள் முழுவதும் குறையாமல் ஓடினால் 50.4 இலட்சம் யூனிட் கிடைக்கும், மீட்டரில் 0.2 விழுக்காடு பிழை இருந்தால் அதில் 10,080 யூனிட் கணக்கில் கூடும் அல்லது குறையும். இரண்டாம் அனல்மின் நிலையத்தில் அத்தகைய அலகுகள் ஏழு உள்ளன. 0.2 விழுக்காடு என்பதோ குறைபாடுள்ள மீட்டரின் பிழையன்று. மத்திய மின்சார ஆணையத்தின் 2006ஆம் ஆண்டு மீட்டர் விதிமுறைகளின்படி இத்தகைய இடங்களில் வைக்கப்படும் உயர்தர மீட்டருக்கே அனுமதிக்கப்பட்ட எல்லை. அந்த மீட்டரை ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையேனும் சோதிக்க வேண்டும் என்று அதே விதிமுறை கூறுகிறது. சோதனையில் மீட்டர் எதனோடு ஒப்பிடப்படுகிறது, அந்தக் கருவி முன்பு எதனோடு ஒப்பிடப்பட்டது என்று ஒவ்வொரு படியாகக் கேட்டுச் செல்வதே இத்தேடலின் நோக்கம்.

அளவுத்திருத்தம், அதாவது ஆலைகளின் பேச்சு வழக்கில் காலிபிரேஷன், என்பது ஒரு கருவியின் காட்டலை அதைவிட நம்பகமான மற்றொரு கருவியின் காட்டலோடு குறிப்பிட்ட சூழலில் ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும், அந்த வேறுபாட்டை எவ்வளவு உறுதியோடு சொல்ல முடியும் என்பதையும் எழுதிவைக்கும் செயலாகும். திருகைத் திருப்பியோ மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றியோ கருவியைச் சரியாகக் காட்டவைப்பது அதற்குப் பிந்தையதும், தேவைப்பட்டால் மட்டுமே செய்யப்படுவதுமான தனி வேலை. இரண்டும் ஒன்றெனக் கருதப்படுவது பரவலான தவறு. அதனால் நேரும் இழப்பும் சிறிதன்று. ஒரு கருவியைச் சோதிக்கும்போது அது இருந்த நிலையைக் குறிக்காமல் நேராகச் சரிசெய்துவிட்டால், முந்தைய சோதனைக்கும் இதற்கும் இடைப்பட்ட காலத்தில் அதன் காட்டலை நம்பி எடுக்கப்பட்ட முடிவுகளில் எவை தவறானவை என்று அறியும் வழி அடைபட்டுப் போகும். ஆகவேதான் முறையான சான்றிதழில் சரிசெய்வதற்கு முன் கண்ட அளவுகளும் பின் கண்ட அளவுகளும் தனித்தனியே பதியப்படுகின்றன.

மின்நிலையத்தின் உள்ளே இச்செயல் ஓயாமல் நடப்பது பணம் எண்ணும் மீட்டர்களில் அன்று. அழுத்தம், வெப்பம், நீரோட்டம் ஆகியவற்றை உணர்ந்து கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்களில்தான். டிரான்ஸ்மிட்டர் தான் உணர்ந்த அளவை 4 முதல் 20 மில்லியாம்பியர் வரையிலான மின்னோட்டமாக மாற்றி அனுப்புகிறது. தொடக்கப் புள்ளியைச் சுழியாக வைக்காமல் 4 என வைத்ததில் ஒரு நுட்பம் உண்டு: கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகிவிடும் என்பதால், அழுத்தமே இல்லாத நிலையும் கம்பி அறுந்த நிலையும் ஒன்றாகத் தோன்றிக் குழப்புவதில்லை. சோதிப்பவர் அளவெல்லையின் 0, 25, 50, 75, 100 விழுக்காடுகளில் தெரிந்த அழுத்தத்தை ஏற்றி 4, 8, 12, 16, 20 மில்லியாம்பியர் கிடைக்கிறதா என்று பார்த்து, பிறகு அதே படிகளில் இறக்கியும் பார்ப்பார். ஏறும்போது ஒரு விடையும் இறங்கும்போது வேறொரு விடையும் தரும் கருவிகளை ஏற்றத்தில் மட்டும் சோதித்துக் கண்டுபிடிக்க இயலாது. எல்லாப் படிகளிலும் ஒரே அளவு பிழை இருந்தால் அது ‘ஜீரோ’வின் பிழை, படி உயர உயரப் பிழையும் வளர்ந்தால் அது ‘ஸ்பேன்’ எனப்படும் வீச்சின் பிழை.

வெப்பத்தை அளப்பது இன்னும் கடினமானது. 210 மெகாவாட் அலகுகளில் கொதிகலத்தை விட்டு விசையாழிக்குச் செல்லும் நீராவி ஏறத்தாழ 540 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். இதற்கு மேல் சில பாகை கூடினாலும், அழுத்தத்தின் கீழ் எஃகுக் குழாய் மெல்ல மெல்ல உப்பும் போக்கு விரைவுபட்டுக் குழாயின் ஆயுள் குறையும், சில பாகை குறைந்தாலோ எரிபொருள் வீணாகும். இவ்வெப்பத்தை உணர்வது தெர்மோகப்பிள் எனப்படும் வெப்ப மின்னிரட்டை, அதாவது வெவ்வேறு உலோகக் கலவைகளால் ஆன இரு கம்பிகளின் இணைப்பு. பரவலாகப் பயன்படும் ‘கே’ வகை இரட்டை 540 பாகையில் தருவது சுமார் 22.35 மில்லிவோல்ட், ஒரு பாகைக்குரிய வேறுபாடு ஏறத்தாழ 42 மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் பத்து இலட்சம் பங்குகளில் 42. எனவே நீராவியின் வெப்பம் பற்றிய கேள்வி, உண்மையில் மிகச் சிறிய மின்னழுத்தம் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. நெடுங்காலம் வெப்பத்தில் கிடந்த கம்பியின் உலோகச் சேர்க்கையே மாறி இந்த மின்னழுத்தம் நகர்ந்துவிடும் என்பதால் இரட்டையையும் சோதிக்க வேண்டும்; அதைப் படிக்கும் மின்னணுக் கருவியையும் தனியே சோதிக்க வேண்டும். வடலூரில் எழுந்த பீங்கான் ஆலையின் சூளை போன்று 1,000 பாகையைத் தாண்டும் இடங்களில் பிளாட்டினமும் ரோடியமும் கலந்த இரட்டைகள் தேவைப்படுகின்றன. வெப்பத்துக்குரிய மூல அளவுகளோ தூய பொருள்கள் உறையும் புள்ளிகளில் உள்ளன: 1990ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்ப அளவுகோலின்படி துத்தநாகம் 419.527 பாகையிலும் அலுமினியம் 660.323 பாகையிலும் உறைகின்றன. நெய்வேலியின் 540 பாகை இவ்விரண்டுக்கும் நடுவே விழுகிறது.

மின்னணுக் கருவி ஏன் நகர்கிறது என்பதற்கு விடை அதன் அமைப்பிலேயே உண்டு. இலக்கங்களாகக் காட்டும் ஒவ்வொரு மீட்டரின் உள்ளேயும் ஜீனர் டையோடு போன்ற ஒரு பகுதி, மாறாததாகக் கருதப்படும் குறிப்பு மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்கிக் கொண்டிருக்க, வெளியிலிருந்து வரும் மின்னழுத்தம் அதனோடு ஒப்பிடப்பட்டு எண்ணாகிறது. காலப்போக்கிலும், வெப்ப மாற்றத்தாலும், ஈரத்தாலும், மின்தடைகள் முதுமை அடைவதாலும் அந்தக் குறிப்பு சற்றே தாழ்ந்தால் காட்டப்படும் எண் சற்றே உயரும். கருவியோ அதை அறியாது, ஏனெனில் அதற்குள்ளே அதைவிட மேலான அளவு எதுவும் இல்லை. பழைய முள் மீட்டரில் முள் ஒட்டிக்கொள்ளும், சுழியில் வந்து நில்லாது, தட்டினால் நகரும்; அதன் நோய் கண்ணுக்குத் தெரிந்தது. ஐந்தாறு இலக்கங்களை அசையாமல் காட்டும் மீட்டரில் அந்த நிலைத்தன்மையே சரித்தன்மை போல மயக்குகிறது. மின்னணுக் கருவிகள் வந்தபின் அளவுத்திருத்தத்தின் தேவை குறைந்துவிட்டது என்ற எண்ணம் தலைகீழானது என்றே சொல்ல வேண்டும்.

ஆலையின் கருவியைச் சோதிக்கும் கருவி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இந்தியாவில் அந்த அங்கீகாரத்தை வழங்கும் அமைப்பு என்.ஏ.பி.எல். சென்னையில் மைய அரசின் மின்னணுச் சோதனை மேம்பாட்டு மையமும் பெங்களூரில் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனமும் இத்தகைய பணியைச் செய்கின்றன. சோதிக்கும் கருவி சோதிக்கப்படுவதைவிட நான்கு மடங்கேனும் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது பழகிவந்த விதி. 1950களில் அமெரிக்கக் கடற்படையின் அளவீட்டுத் திட்டத்துக்காகக் கணித்த பொறியாளர்கள் பத்து மடங்கு என்பது கட்டுப்படியாகாது என்று கண்டு நான்கில் வந்து நின்றனர். ஆகவே இயற்கையின் ஆணை போல ஒப்புவிக்கப்படும் அந்த எண், செலவுக்கும் நம்பிக்கைக்கும் இடையே செய்துகொள்ளப்பட்ட ஓர் உடன்பாடே. ஒரு கருவியை மற்றொன்றால் சோதிக்கும் இச்சங்கிலி இந்தியாவுக்குள் முடியும் இடம் தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 1947 சனவரி 4 அன்று அடிக்கல் நாட்டப்பெற்று 1950 சனவரி 21 அன்று திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ்.கிருஷ்ணன்.

ஓர் அளவை மற்றோர் அளவோடு கட்டிவைக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு தில்லியிடமிருந்து கற்கவில்லை. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளக்கப்படும் நெல்லை ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்ததாகக் கூறுவதோடு நில்லாமல், அம்மரக்கால் அரசு மரக்காலாகிய இராசகேசரியோடு ஒத்தது என்றும் சேர்த்தே கூறுகின்றன. பொன்னை நிறுக்க ஒரு கல்லும் மணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் வேறொரு கல்லும் பெயர் சுட்டிக் குறிக்கப்பட்டுள்ளன. எந்தக் கருவியால் அளக்கப்பட்டது, அக்கருவி எதற்கு ஒத்தது என்னும் இரண்டும் இன்றைய சான்றிதழ் கேட்பவையே. அங்கு இல்லாதது மூன்றாவதான ஒன்று: ஒத்தது என்றால் எவ்வளவுக்கு ஒத்தது என்பது. ஒப்பீட்டின் விடை எந்த எல்லைக்குள் ஐயத்துக்குரியது என்று எண்ணால் சொல்வதை ஐயவரம்பு எனலாம். அது இல்லாத அளவு முழுமையான அளவாகாது என்ற கருத்து மிகப் பிற்காலத்தது.

மின்னளவுகளை ஒரு பொது அளவோடு கட்டிவைக்கும் கட்டாயம் பிறந்தது கடலடித் தந்திக் கம்பியால். 1858இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் இடப்பட்ட முதல் கம்பி, அளவுக்கு மீறிய மின்னழுத்தம் செலுத்தப்பட்டுச் சில வாரங்களிலேயே செயலிழந்தது. ஆழ்கடலில் கம்பி பழுதுபட்டால், கரையிலிருந்து பழுது வரையுள்ள மின்தடையை அளந்து, ஒரு மைலுக்கு இவ்வளவு தடை என்ற கணக்கால் வகுத்துத்தான் கப்பலை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய முடியும். ஆனால் அக்காலத்தில் மின்தடைக்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் அலகை வைத்திருந்தனர். கம்பி செய்தவரின் அலகும் கரையில் சோதிப்பவரின் அலகும் வேறுபட்டால் கப்பல் தவறான இடத்தில் கடலைத் துழாவிக் கொண்டிருக்கும். எனவே இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் தூண்ட, மின்தடைக்குப் பொது அலகை வகுக்க 1861இல் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. அதில் பின்னர் மேக்ஸ்வெல்லும் சேர்ந்தார். அக்குழு உருவாக்கிய மாதிரிச் சுருள்கள் பலருக்கும் அனுப்பப்பட்ட பின், அவற்றின் ஓம் என்னும் மின்தடை அலகு ஒரு விழுக்காட்டுக்கும் மேல் சிறியது என்று 1880களின் தொடக்கத்தில் ராலே பிரபு காட்டினார். தலைமை அளவே பிழையாக இருந்தபோதும் கடற்கம்பிகள் பழுதுபார்க்கப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது: அனைவரும் ஒரே பிழையைப் பகிர்ந்துகொண்டதால் கணக்கு ஒத்துப்போயிற்று. 1871இல் சென்னை பினாங்குடன் இணைக்கப்பட்டபோது தமிழகக் கடற்கரையும் இக்கணக்குக்குள் வந்தது. இந்தியத் தந்தித் துறையில் பணியாற்றிய ஜெர்மானியரான லூயி ஷ்வெண்ட்லர், தந்திக் கம்பிகளைச் சோதிக்கும் முறைகளைத் தொகுத்து ஒரு வழிகாட்டி நூலே எழுதினார்.

வோல்ட்டைப் பொறுத்தவரை எட்வர்ட் வெஸ்டன் 1893இல் அமைத்த, பாதரசமும் காட்மியமும் கொண்ட மின்கலம் உலகின் பொது அளவாயிற்று. 20 பாகையில் அதன் மின்னழுத்தம் 1.0183 வோல்ட் என்று 1911 முதல் கொள்ளப்பட்டது. தமிழ்நாட்டுக் கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் மின்னழுத்தமானியைக் கொண்டு வோல்ட்மீட்டரைத் திருத்தும் சோதனை இதன் எளிய வடிவம்: அங்கே வெஸ்டன் கலத்துக்குப் பதிலாக டேனியல் கலம் 1.08 வோல்ட் தரும் என்று வைத்துக்கொண்டு, காட்டலுக்கு எதிரே திருத்தத்தைக் குறித்து வரைபடம் வரையப்படுகிறது. அந்த 1.08 எங்கிருந்து வந்தது என்று எந்தத் தேர்வும் கேட்பதில்லை. கலம் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டாலும் அது வேதிப்பொருள்கள் அடைத்த கண்ணாடிக் குழாய்தான். குலுக்கினால் மாறும், வெப்பம் ஏறினால் மாறும், நாடுதோறும் வெவ்வேறாக நகரும். நெய்வேலியின் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கிய 1962ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜில் 22 வயது ஆராய்ச்சி மாணவராக இருந்த பிரையன் ஜோசப்சன், இரு மீக்கடத்திகளுக்கு இடையே மிக மெல்லிய தடுப்பை வைத்து நுண்ணலையைச் செலுத்தினால், அதன் அதிர்வெண்ணையும் இரண்டு இயற்கை மாறிலிகளையும் மட்டுமே சார்ந்த மின்னழுத்தம் படிப்படியாகத் தோன்றும் என்று கணித்தார். 75 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஓர் இணைப்பு தருவது சுமார் 155 மைக்ரோவோல்ட். ஆதலால் பல்லாயிரம் இணைப்புகளை ஒரே சில்லில் தொடராகக் கோத்து 10 வோல்ட் பெறுகின்றனர். எங்கே செய்தாலும் எப்போது செய்தாலும் விடை ஒன்றே. இம்முறை 1990 சனவரி 1 அன்று உலகப் பொது அளவாக ஏற்கப்பட்டபோது அமெரிக்காவின் வோல்ட் பத்து இலட்சத்தில் 9 பங்குக்குச் சற்று மேல் மாறியது. மிகத் துல்லியமான மீட்டர்கள் யாவும், தம்மிடத்தில் எந்தப் பழுதும் இல்லாமலே, அன்று பிழையானவை ஆயின.

2019 மே 20 முதல் அந்த இரண்டு மாறிலிகளாகிய எலெக்ட்ரானின் மின்னூட்டமும் பிளாங்க் மாறிலியும் மாறா எண்களாக வரையறுக்கப்பட்டுவிட்டதால், வோல்ட்டுக்கு மேலே ஒப்பிட வேண்டிய பொருள் எதுவும் இல்லை. தேடல் ஒரு வரையறையில் வந்து முட்டுகிறது. அந்த நாள் 1875இல் அளவலகுகளுக்கான பன்னாட்டு மீட்டர் உடன்படிக்கை கையெழுத்தான நாள். இந்தியா அவ்வுடன்படிக்கையில் சேர்ந்த 1957இல், அதே மே 20 அன்றுதான் நேரு நெய்வேலிச் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார் என்பது தற்செயல்.

சங்கிலியின் மேல்முனை இவ்வளவு உறுதியாகிவிட்டபின் ஐயம் தங்குவது கீழ்முனையில்தான். வடலூரில் ஒரு வீட்டுச் சுவரில் இருக்கும் மின்னணு மீட்டர் பொதுவாக முதல் வகுப்பைச் சேர்ந்தது, அதாவது இயல்பான சுமையில் 1 விழுக்காடு பிழைக்கு உட்பட்டது. அதைச் சோதிக்கும் மின்வாரியத்தின் மீட்டர் சோதனைப் பிரிவினர், சான்று பெற்ற தர மீட்டர் வழியாகவும் அதே மின்சாரத்தைச் செலுத்தி, வீட்டு மீட்டரின் சிவப்பு விளக்கு இமைப்பதை ஓர் உணரியால் எண்ணி, இரண்டையும் ஒப்பிடுகின்றனர். ஒரு யூனிட்டுக்கு 3,200 இமைப்பு என்று பொறிக்கப்பட்ட மீட்டரில் 100 வாட் சுமைக்கு 11.25 விநாடிக்கு ஓர் இமைப்பு வர வேண்டும் என்பதால், வீட்டிலுள்ளவரே கடிகாரத்தைக் கொண்டு சரிபார்க்கலாம் என்று தோன்றும்; ஆனால் 100 வாட் என்று பொறித்த குண்டு பல்பும் எவராலும் சோதிக்கப்படாத ஒன்று, மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 220ஆக இறங்கினால் அது இழுக்கும் திறனும் 6, 7 விழுக்காடு இறங்கிவிடும். மீட்டரின் பிழையைவிடப் பல மடங்கு பிழையுள்ள ஒன்றால் மீட்டரை அளக்க இயலாது. ஆகவே ஐயம் எழுந்தால் கட்டணம் செலுத்தி மின்வாரியத்திடம் சோதனை கேட்பதே முறை. சோதிக்க வருபவர் கொண்டுவரும் தர மீட்டரின் சான்றிதழில் அதைச் சோதித்த ஆய்வகத்தின் பெயரும், சோதித்த தேதியும், ஐயவரம்பும் எழுதப்பட்டிருக்கும், அவற்றைக் காட்டச் சொல்லிப் படித்துப் பார்க்கலாம்.