பூசுமா வாசம்

முகத்துக்குப் போடும் பவுடரை எங்கள் ஊரில் 'பூசுமா' என்பார்கள். குட்டிக்கூரா பூசுமாவின் மணம்தான் என் அம்மாவின் மணம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அது தவறு என்பது அவர் மறைந்த பின்னரே தெரிந்தது.

கொட்டாஞ்சேனையில் குடியிருந்த காலத்தில், வெள்ளிக்கிழமைகளில் ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போகும்போது மல்லிகைச் சரம் சூடாமல் அம்மா போனதில்லை. 1996 இல் அப்பா காலமானார். அந்தியேட்டியோடு அம்மா பூவையும் பொட்டையும் விட்டார். விடும்படி யாரும் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளும்படியும் யாரும் சொல்லவில்லை. விதவைகளின் நிலை குறித்து ஞாயிறு இதழில் இரண்டு கட்டுரைகள் எழுதியிருந்த நானும் சொல்லவில்லை.

2003, போர்நிறுத்தக் காலம். நாங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றுக்கு மாறியிருந்தோம். பாரிஸிலிருந்து வந்த அக்கா அம்மாவுக்கென்று ஒரு போத்தல் கொண்டுவந்தார். கெர்லான் நிறுவனத்தின் 'லேர் புளூ'. 1912 இல் ஜாக் கெர்லான் ஆக்கிய வாசனைத் திரவியம். பெயரின் பொருள் 'நீல நேரம்', அதாவது சூரியன் மறைந்து இருள் சேருமுன் உள்ள பொழுது. காய்ச்சலுக்கு நெற்றியில் இடும் ஓடிக்கொலோனுக்கு மேல் எதையும் அறியாத வீடு எங்களுடையது.

"இந்த வயதில் அம்மாவுக்கு ஏன் சென்ட்?" என்று கேட்டவன் நான்தான். 'வயது' என்ற சொல்லால் எதை மூடினேன் என்பது அங்கிருந்த மூவருக்கும் விளங்கியது. அம்மா மறுமொழி சொல்லவில்லை. "பிள்ளையள் உடைச்சுப் போடுவினம்" என்று போத்தலை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

எனக்கு அப்போது இரவுப் பணி. 2006 இற்குப் பின் சோதனைச் சாவடிகள் பெருகிவிட்டன. ஒவ்வொன்றிலும் அடையாள அட்டையை நீட்டி வீடு சேர விடிந்துவிடும். கதவைத் திறக்கும் அம்மாவிடமிருந்து இதமான, சற்றே இனிப்பான பூசுமா வாசம் வரும். அதைத் தாண்டித்தான் தேநீர்.

2014 இல் அம்மா காலமானார். அலுமாரியை ஒதுக்கியபோது அந்தப் போத்தல் அகப்பட்டது. கால்வாசிதான் மிச்சம். மணிக்கட்டில் ஒரு துளி இட்டு முகர்ந்தேன். பெருஞ்சீரகத்தை ஒத்த கூர்மை, பின்னால் கராம்பு. அம்மாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மணம். சற்று நேரத்தில் பூக்கள் எழுந்தன. துணிகளை மடிப்பதில் அதை மறந்தும்போனேன். மூன்று மணி நேரம் கழிந்திருக்கும். கையை உயர்த்தியபோது, விடியற்காலைக் கதவடியில் நின்ற அதே வாசம்.

இலேசான மூலக்கூறுகள் முதலில் ஆவியாகிவிடும்; பாரமானவை உடற்சூட்டில் மெல்ல மெல்ல எழும் என்று பின்னர் வாசித்து அறிந்தேன். இறுதியில் தங்குபவை வனிலா, சாம்பிராணி, ஐரிஸ் கிழங்கு, ஹீலியோட்ரோப் ஆகியவற்றின் மணங்கள். ஐரிஸ் கிழங்கை ஆண்டுக்கணக்கில் உலரவைத்தால்தான் அது மணக்கும். அதன் தூளை ஐரோப்பியர் முன்னர் பூசுமாவில் கலந்தார்கள். ஹீலியோட்ரோப்பின் மணத்தைத் தரும் ஹீலியோட்ரோப்பினை, 1869 இல் முதன்முதலாக மிளகின் காரப்பொருளிலிருந்தே பிரித்தெடுத்தார்கள். நம்முடைய மிளகேதான்! இந்தக் கடைசி மணம் தோலை ஒட்டியே கிடக்கும். மிக அருகில் வருபவருக்கன்றித் தெரியாது.

ஆக, வீடு உறங்கிய பிறகு அம்மா அதைப் பூசியிருக்கிறார். கராம்பும் பூக்களும் இருட்டில் அவருக்கு மட்டும். விடியும்போது வந்த எனக்குப் பூசுமா.

அன்றிரவே அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, பதினொரு வருடமாக ஒரு போத்தலை அம்மா எவ்வளவு சிக்கனமாகப் பாவித்திருக்கிறார் பார் என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

"அது மூண்டாவது போத்தல், தம்பி. கொழும்புக்கு ஆக்கள் வரேக்குள்ள குடுத்துவிடுறனான். உனக்குச் சொல்ல வேண்டாமெண்டு அம்மா சொன்னவா."