காயம்பட்ட கோழி

பெங்களூரு நகரின் மல்லேஸ்வரத்திற்கு அப்பெயர் காடு மல்லேஸ்வரர் கோயிலால் வந்தது. 'காடு' என்னும் சொல் தமிழிலும் கன்னடத்திலும் ஒரே பொருள் தருவதாகும். 1898ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் மக்கள் பலர் இங்குக் குடியேறினர், வீதிகள் பெருகின. ஆயினும் காட்டின் எச்சம் முற்றும் மறையவில்லை. சாங்கி ஏரிக்கரை மரங்களில் பருந்துகள் அமர்கின்றன. பழைய வீட்டுத் தோட்டங்களில் கீரிகள் திரிகின்றன.

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது, தருமபுரியிலிருந்து வந்த பாட்டி எங்கள் கொல்லையில் நான்கு நாட்டுக்கோழிகளை வளர்த்தார். ஒருநாள் விடியலில் கீரியொன்று செந்நிறப் பெட்டைக்கோழியைக் கவ்வியது. பாட்டி கூவியதும் அதை விட்டுவிட்டு ஓடியது. கோழியின் முதுகில் இறகுகள் பிய்ந்து, தோல் கிழிந்திருந்தது. அது கண்மூடி அசைவற்றுக் கிடந்தது.

தங்கை அழுதுகொண்டே அதைத் தடவப் போனாள். "தொடாதே கண்ணு. இப்போது நம் கையும் அதற்குக் கீரியாகத்தான் தோன்றும். இருட்டில் அமைதியாகக் கிடக்கட்டும்" என்றார் பாட்டி.

பாட்டி சொன்னது உண்மை. தாக்குண்ட பறவையைக் காயம் மட்டுமன்று, அச்சமும் கொல்லக்கூடும். அட்டைப்பெட்டியில் காற்றுத்துளைகள் இட்டு, பழந்துணி விரித்து, கோழியை அதில் வைத்தோம். கோழியின் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியசு. அதிர்ச்சியில் அது குறையாதிருக்க வெதுவெதுப்பு தேவை. குருதியைக் கண்டால் பிற கோழிகள் அவ்விடத்தையே கொத்தும். எனவே தனியறையில் வைத்தோம். அலகைத் திறந்து நீர் ஊற்றவில்லை. நாவின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் இருப்பதால், நீர் நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும்.

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அப்பா காயத்தைக் கழுவினார். பின்னர், 1958இல் தொடங்கப்பட்ட ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றோம். பல் பதிந்த புண் வெளியே சிறிதாயினும், கிருமிகள் உள்ளே ஆழத்தில் தங்கும் என்று மருத்துவர் விளக்கி, மருந்து தந்தார். மனிதர் உண்ணும் வலிமாத்திரையைக் கோழிக்குக் கொடுக்கலாகாது என்றும், தாம் குறித்த நாள்வரை அதன் முட்டையை நாங்கள் உண்ணலாகாது என்றும் கூறினார்.

அன்று முழுவதும் கோழி எதையும் தொடவில்லை. பிழைக்குமோ என்ற கவலையில் வீடே அடங்கியிருந்தது. தங்கை கதவுக்கு வெளியே அமர்ந்து பாடம் எழுதினாள். மறுநாள் காலை, கிண்ணத்து நீரில் அலகு படும் மெல்லிய ஒலி கேட்டது. மாலையில் கோழி சிறிது கேழ்வரகைக் கொத்தியது.

காயம் ஆறிய பின்னும் அதனை உடனே கூட்டத்தில் விடவில்லை. கோழிகளிடையே யார் யாரைக் கொத்தலாம் என்னும் வரிசை உண்டு. சிறுவயது முதல் கோழிகளைக் கூர்ந்து நோக்கிய நார்வே அறிஞர் ஷெல்டெரப்-எபே 1922இல் இதனை விரிவாக எழுதினார். பிரிந்திருந்த கோழி தன் இடத்தை மீண்டும் பெற வேண்டும். ஆகவே சில நாள்கள் கம்பிக்கூண்டில் வைத்து, மற்றவற்றின் கண்ணில் படச் செய்தோம்.

சில வாரங்களில் புதிய இறகுகள் முளைத்தன. துன்புற்ற உயிருக்கு மருந்தும் உணவும் தருவது அன்பு; அது அஞ்சாதபடி விலகி நின்று காத்திருப்பதும் அன்பே.