திண்டுக்கல்லில் ஒரு ஜெர்மன் தம்பி

2017 பிப்ரவரியில் எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு ஜெர்மன் பையன் குடிவந்தான். வயசு இருபத்திரண்டு. காந்திகிராமத்தில் ஆறு மாத ஆராய்ச்சி. 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய இடம். மரமும் நிழலுமாக அமைதியாக இருக்கும். அங்கேயே தங்கியிருக்கலாம். "நான் நகரத்தின் நடுவில் வசிக்க விரும்புகிறேன்" என்றான், புத்தகத் தமிழில். விதி யாரை விட்டது!

அவன் ஊர் கோட்டிங்கன். சுமார் 117 சதுர கிலோமீட்டரில் லட்சத்துச் சொச்சம் ஜனம். திண்டுக்கல்லில் 2011 கணக்குப்படி 14 சதுர கிலோமீட்டரில் 2,07,327 பேர். மதுரை, திருச்சி, கரூர், தேனி என்று பஸ் மாறுகிறவர்களும், பழனிக்கு நடக்கிறவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை.

முதல் நாளே பஸ் ஸ்டாண்டில் மிரண்டுவிட்டான். பஸ் நிற்பதற்குள் ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட் பிடிக்க, ஏறிப் போனவர்கள் அந்தத் துண்டுக்கு மரியாதை கொடுத்து நின்றார்கள்.

"அந்தத் துண்டுக்குச் சட்டப்படி உரிமை உண்டா, அங்கிள்?"

"சுப்ரீம் கோர்ட்டில்கூட செல்லும்ப்பா" என்றேன்.

அடுத்தது விசாரணைக் கமிஷன். டீ ஆறுவதற்குள் பேர், ஊர், அப்பாவுக்கு என்ன உத்தியோகம், எவ்வளவு சம்பளம், கல்யாணம் ஆச்சா என்று எல்லாம் கேட்டு முடித்துவிடுவார்கள். எதிர்வீட்டு அப்பத்தா ஒரு படி மேலே. "ஏந்தம்பி, வந்ததுக்கு இப்ப மெலிஞ்சு போயிட்டியே... வயித்துக்குச் சரியில்லையா?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்தாள்.

தனிமை தேடி மலைக்கோட்டைக்கு ஏறினான். 1605-ல் மதுரை நாயக்கர் கட்டியது. 1755-ல் ஹைதர் அலி வந்தார். 1792-ல் கும்பெனியார் கைக்குப் போனது. எல்லாருமே ஊரை விட்டு மேலே போய் உட்காரத்தான் ஆசைப்பட்டிருக்கிறார்கள். நம் பையனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. மேலே காலேஜ் பிள்ளைகள் வரிசை கட்டி செல்ஃபி எடுத்தார்கள். முப்பத்தொன்று வரை எண்ணினானாம்.

இறங்கி வந்தவன், "டிக்கெட்டை மாற்றப்போகிறேன். இங்கே எனக்கு மூச்சு விட இடம் இல்லை" என்றான். வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. தமாஷாகச் சொல்லவில்லை, கண் சிவந்திருந்தது.

எனக்குத் தெரிந்த சரித்திரத்தை எடுத்துவிட்டேன். 1925-ல் மதுரை மிஷனுக்கு வந்த அமெரிக்கர் கெய்தானை வெள்ளைக்கார சர்க்கார் இரண்டு தடவை நாட்டை விட்டு அனுப்பியும், சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பி வந்து காந்திகிராமத்து மனிதராகவே ஆகிவிட்டாரே என்றேன்.

"அவர் டவுன் பஸ்ஸில் போனாரா?" என்று கேட்டான். என்னத்தைச் சொல்ல?

இரண்டு நாள் கழித்து அதே டவுன் பஸ்ஸில் அவனுக்கு அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்ற அம்மாள், கேட்காமல் கொள்ளாமல், கைக்குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டு கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நமக்கு இது தினப்படி சமாசாரம். அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. குழந்தையோ அவன் சட்டைப் பித்தானைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனது. எழுப்ப மனசில்லாமல் தன் ஸ்டாப்பைத் தாண்டிப் போய், வெயிலில் திரும்பி நடந்தானாம். "எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவனிடம் யாரும் குழந்தையைத் தரமாட்டார்கள்" என்று ராத்திரி மூன்று தடவை சொன்னான். டிக்கெட் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் வந்தது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்த வருஷம் அல்லவா, எங்கள் தெருக் குழாயில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ. "இந்தியர்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தவனை ஒரு நாள் எழுப்பிக் கூட்டிப் போனேன். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. நாற்பது பிளாஸ்டிக் குடங்கள் மட்டும் குழாயிலிருந்து மாரியம்மன் கோயில் வரை வரிசையாக நின்றன. ஒரு குடம்கூட முண்டவில்லை. (முண்டினால் என்ன வசவு விழும் என்பதை இங்கே அச்சில் போட முடியாது!)

அன்றோடு மாடியில் இரண்டு வேளை ஷவர் நின்றது. அடுத்த முறை சொந்தமாக ஒரு மஞ்சள் குடம் வாங்கிவந்து அப்பத்தாவின் குடத்துக்குப் பின்னால் வைத்தான். தண்ணீர் வருகிற வரைக்கும் திண்ணையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒங்க ஊர்ல எத்தன நாளைக்கு ஒருக்க தண்ணி விடுவாக தம்பி?"

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எப்போதும் வரும்" என்றான், குரலைத் தாழ்த்தி.

"அப்படியா!" என்றாள் அப்பத்தா. "அப்ப ராத்திரிக்கு எல்லாரும் நல்லாத் தூங்குவீக."